அதிர்வு என்னும் எச்சரிக்கை

1998-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி. ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து ஹாம்பர்க் நோக்கி மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஐசிஇ அதிவேக ரயில் சென்றுகொண்டிருந்தது. முதல் பெட்டியில் எஃகுப் பட்டை ஒன்று தரையைத் துளைத்துக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவே மேலெழுந்தது. அதிர்ந்துபோன பயணி ஒருவர், நடத்துநரைத் தேடி ஓடினார். நேரில் பார்த்த பிறகே ரயிலை நிறுத்த வேண்டும் என்பது விதி. எனவே, நடத்துநர் பார்ப்பதற்காக வந்தார். அதற்குள் ரயில், எஷெடே என்னும் சிற்றூரை நெருங்கிவிட்டது.

அங்கே தடம் பிரியும் இடத்தில், தொங்கிக்கொண்டிருந்த பட்டை சிக்கிப் பெட்டிகள் தடம் புரண்டன. மூன்றாவது பெட்டி, சாலை மேம்பாலத்தின் தூண்களை மோதித் தகர்த்தது. சுமார் 300 டன் எடையுள்ள பாலம், பின்னால் வந்த பெட்டிகளின் மீது சரிந்தது. 101 பேர் உயிரிழந்தனர். உலகின் அதிவேக ரயில் வரலாற்றில் இன்றளவும் இதுவே மிகக் கொடிய விபத்து.

தரையைத் துளைத்த அந்த எஃகுப் பட்டை எங்கிருந்து வந்தது? அது அந்த ரயிலின் சக்கரத்தின் வெளிவளையம். அந்தச் சக்கரம் அங்கே பொருத்தப்பட்டதற்குக் காரணமோ, உணவுப் பெட்டியில் கலகலத்த கோப்பைகள் என்றால் நம்புவது கடினம். ஆனால், உண்மை அதுதான்.

1991-இல் ஐசிஇ ரயில்கள் ஓடத் தொடங்கியபோது, அவற்றில் ஒரே எஃகுத் துண்டில் உருவாக்கப்பட்ட சக்கரங்களே இருந்தன. சில மாதங்களிலேயே அவை சீரற்றுத் தேய்ந்து, முழு வட்ட வடிவை இழந்தன. வேகம் கூடும்போது பெட்டிகள் அதிர்ந்தன. ஓர் உறுமல் ஒலி எழுந்தது. உணவுப் பெட்டியில் தட்டுகளும் கோப்பைகளும் நடுங்கின. விமானத்தோடு போட்டியிட வந்த ரயிலில் இப்படி ஒரு குறையா என்று நிர்வாகம் கவலைப்பட்டது.

எஃகால் ஆன சக்கரம் ஏன் சீரற்றுத் தேய்கிறது? இதைப் புரிந்துகொள்ளாமல், பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இயலாது.

ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் பரப்பு, நம் கட்டைவிரல் நகத்தின் அளவே. அந்தச் சிறு பரப்பு பல டன் எடையைத் தாங்குகிறது. ரயிலை இழுக்கும் விசையும் நிறுத்தும் விசையும் அதன் வழியாகவே செல்கின்றன. இவ்வளவு அழுத்தத்தில் எஃகும் தேயும். தேய்வது குற்றமன்று, எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேயாமல் இருப்பதே சிக்கல்.

இதில் மூன்று வகைகள் உண்டு. முதல் வகை, சக்கரத்தின் குறுக்குவாட்டில் நிகழ்வது. ரயில் சக்கரத்தின் பரப்பு தட்டையானதன்று. கூம்பு போலச் சற்றே சரிந்தது. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டவை என்பதால், அச்சு ஒரு பக்கம் நகர்ந்தால் அப்பக்கச் சக்கரத்தின் பெரிய சுற்றளவு உருண்டு, அச்சைத் தானாகவே நடுவுக்குத் திருப்பிவிடும். இந்த அசைவின் கணக்கை 1883-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியப் பொறியாளர் கிளிங்கல் வகுத்துவிட்டார். ஆனால், அதிவேக ரயில்கள் பெரும்பாலும் நேர்ப்பாதையில் ஓடுவதால், சக்கரத்தின் ஒரே பகுதி மீண்டும் மீண்டும் தண்டவாளத்தில் பட்டுக் குழிந்துபோகிறது. குழிந்த பிறகு, நடுவுக்குத் திருப்ப வேண்டிய சரிவே அளவு மீறித் திருப்பத் தொடங்குகிறது. அச்சு இடமும் வலமுமாக அலைகிறது. வேகம் கூடினால் அந்த அலைச்சல் அடங்குவதில்லை.

இரண்டாவது வகை, தட்டைப் புள்ளி. பிரேக் இறுகியோ, வேறு கோளாறாலோ சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தின் மீது சறுக்கினால், உரசும் இடம் கடும் வெப்பமடைந்து, உடனே குளிர்ந்து, கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையை அடைகிறது. அவ்விடம் தட்டையாகிறது; பிறகு சிதறிப் பெயர்கிறது. அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் தண்டவாளத்தின் மீது சுத்தியல் அடியாக விழுகிறது. 2022 அக்டோபர் 8-ஆம் தேதி புது தில்லி - வாராணசி வந்தே பாரத் ரயிலில், இழுவை மோட்டாரின் பேரிங் இறுகிப்போனதால் சக்கரம் ஒன்றில் இத்தகைய தட்டை ஏற்பட்டு, பயணிகள் வேறு ரயிலுக்கு மாற்றப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

மூன்றாவது வகைதான் மிகவும் நுட்பமானது. சக்கரம் வட்டமாக இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். அளந்து பார்த்தால், அது பல பக்கங்கள் கொண்ட பலகோணமாக மாறியிருக்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்குமான வேறுபாடு ஒரு மி.மீ.யில் நூறில் சில பங்குகளாகக்கூட இருக்கலாம். ஜெர்மனியின் ஐசிஇ சக்கரங்களில் மூன்று மேடுகள் கொண்ட வடிவம் தென்பட்டது. கடைசல் இயந்திரம் சக்கரத்தை எத்தனை தாடைகளால் பற்றிப் பிடிக்கிறதோ, அந்தப் பிடியின் சுவடே இத்தகைய வடிவத்துக்கு விதையாகலாம். சீனாவின் அதிவேக ரயில்களில் இருபதை ஒட்டிய மேடுகள் கொண்ட பலகோண வடிவங்கள் கண்டறியப்பட்டன. செங்டு நகரிலுள்ள தென்மேற்கு ஜியாவ்டோங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். 92 செ.மீ. விட்டமுள்ள சக்கரம், மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 29 முறை சுழலும். அதில் 20 மேடுகள் இருந்தால், தண்டவாளத்துக்கு விநாடிக்குச் சுமார் 580 அதிர்வுகள். ரயிலின் அடிச்சட்டத்துக்கும் தண்டவாளத்துக்கும் இயல்பாகவே அதிரும் சில அதிர்வெண்கள் உண்டு. இரண்டும் ஒத்துப்போனால், அதிர்வு மேட்டை வளர்க்கும். மேடு அதிர்வை வளர்க்கும். நாள்தோறும் ஒரே பாதையில், ஒரே வேகத்தில், மணிக்கணக்கில் ஓடும் ரயிலில் இந்த ஒத்திசைவு கலைவதே இல்லை. அவ்வப்போது ஓட்ட வேகத்தை மாற்றுவதுகூட இதற்கு ஒரு மருந்தாகக் கூறப்படுவது இதனால்தான். எந்தச் சீரான வேகத்தை நாம் அதிவேக ரயிலின் சிறப்பு என்று கருதுகிறோமோ, அதுவே அதன் சக்கரத்துக்குப் பகையாகிறது.

கெட்ட சக்கரம் தான் மட்டும் கெடுவதில்லை. தண்டவாளத்தில் அலையலையாக மேடு பள்ளங்களை உண்டாக்குகிறது. அந்தத் தண்டவாளம் அடுத்து வரும் நல்ல சக்கரத்தைக் கெடுக்கிறது. அடிச்சட்டத்தின் திருகாணிகள் தளர்கின்றன. பேரிங்குகளின் ஆயுள் குறைகிறது. எஃகில் நுண்விரிசல்கள் தோன்றுகின்றன. அதிர்வு என்பது வெறும் அசெளகரியமன்று. எங்கோ ஏதோ தேய்ந்துகொண்டிருக்கிறது என்று இயந்திரம் அனுப்பும் செய்தி.

இனி ஜெர்மனிக்குத் திரும்புவோம். அதிர்வைப் போக்க, நிர்வாகம் கண்ட வழி என்ன? டிராம் வண்டிகளில் பயன்பாட்டில் இருந்த ஒருவகைச் சக்கரத்தை 1992 முதல் அதிவேக ரயிலுக்குக் கொண்டுவந்தது. நம் ஊர் மாட்டு வண்டிச் சக்கரத்தில் மரச்சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை இருக்குமல்லவா? அதைப் போன்ற அமைப்பு அது. உள்ளே எஃகுச் சக்கரம், வெளியே எஃகு வளையம், இரண்டுக்கும் நடுவே 20 மி.மீ. தடிமனுள்ள ரப்பர். அதிர்வை ரப்பர் விழுங்கியது. கோப்பைகள் அமைதியாயின. பயணிகள் மகிழ்ந்தனர்.

ஆனால், வெளிவளையத்தின் நிலை வேறு. உறுதியான தாங்கல் இல்லாததால், ஒவ்வொரு சுற்றிலும் அது சற்றே நசுங்கி மீண்டது. நாளொன்றுக்குச் சுமார் ஐந்து லட்சம் முறை இப்படி நிகழ்ந்தது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் முறிவதைப்போல, எஃகும் களைப்படையும். வளையம் தேயத் தேய மெலிந்தது. மெலிய மெலிய நசுக்கம் கூடியது. புதிதாக இருந்தபோது 920 மி.மீ. விட்டம் கொண்டிருந்த அந்தச் சக்கரம், விபத்தின்போது 862 மி.மீ. ஆகத் தேய்ந்திருந்தது. விதிப்படி 854 மி.மீ. வரை பயன்படுத்தலாம். அதாவது, விதிமுறைக் காகிதத்தின்படி அந்தச் சக்கரத்துக்கு இன்னும் ஆயுள் இருந்தது! விரிசலோ வளையத்தின் உட்புறத்தில், வெளியிலிருந்து பார்ப்போர் கண்ணுக்குப் படாத இடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

எச்சரிக்கைகள் வராமல் இல்லை. ஹனோவர் நகர டிராம் நிறுவனம், மிகக் குறைந்த வேகத்தில் ஓடும் தன் வண்டிகளிலேயே இத்தகைய வளையங்களில் விரிசல்கள் தோன்றுவதை 1997-இல் கண்டறிந்து, அவற்றை முன்கூட்டியே மாற்றத் தொடங்கியது. இவ்வகைச் சக்கரத்தைப் பயன்படுத்திய மற்றவர்களுக்கும் தெரிவித்தது. விபத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களில், பழுதான அந்தச் சக்கரம் இருந்த பகுதியிலிருந்து ஒலியும் அதிர்வும் எழுவதாக ரயில் ஊழியர்கள் எட்டு முறை புகார் செய்திருந்தனர். பணிமனையின் தானியங்கிக் கருவிகளும் அந்தச் சக்கரம் பழுது என்று காட்டியிருந்தன. ஆனால், அக்கருவிகள் அடிக்கடித் தவறான எச்சரிக்கை தருபவை என்று பெயர் எடுத்திருந்ததால், அவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. வட்டம் சிதைந்த சக்கரம் பயணிகளின் வசதி சார்ந்த குறையாகவே கருதப்பட்டது. பாதுகாப்புக் குறையாக அன்று.

இந்த இடத்தில்தான் பொறியியல் முடிந்து பொருளாதாரம் தொடங்குகிறது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், தமிழில் 'தேய்மானம்' என்ற சொல்லுக்கு இரு பொருள் இருப்பதை நான் வியந்ததுண்டு. உலோகம் உரசிக் குறைவதும் தேய்மானம். சொத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதாகக் கணக்கேட்டில் எழுதுவதும் தேய்மானம். முதலாவது, எழுதினாலும் எழுதாவிட்டாலும் நடக்கும். இரண்டாவது, எழுதினால்தான் நடக்கும். பணிமனையில் உள்ள தேய்மானமும் கணக்கேட்டில் உள்ள தேய்மானமும் ஒன்றையொன்று விட்டு விலகும்போதுதான் ஆபத்து பிறக்கிறது.

வட்டம் சிதைந்த சக்கரத்துக்கு நேரான தீர்வு, அதைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி மீண்டும் வட்டமாக்குவது. ஆனால், ஒவ்வொரு முறை கடையும்போதும் நல்ல எஃகும் சேர்ந்தே போகிறது. சக்கரத்தின் ஆயுள் குறைகிறது. அந்த நேரத்தில் ரயில் ஓடாது, வருவாய் வராது. ஆகவே, கடைசலைத் தள்ளிப்போட்டால் இந்த மாதக் கணக்கில் லாபம். அதனால் கெடும் தண்டவாளத்தின் செலவு, வேறொரு துறையின் கணக்கில், வேறோர் ஆண்டில் எழுதப்படும். செலவைச் செய்பவர் ஒருவர், பயனைப் பெறுபவர் இன்னொருவர் என்றால், செலவு செய்யப்படாது. 'புறவிளைவு' என்று நாங்கள் வகுப்பில் கற்பிக்கும் கோட்பாடு இதுதான்.

இன்னொன்றும் உண்டு. பராமரிப்பால் தவிர்க்கப்பட்ட விபத்துக்குக் கணக்கேட்டில் வரியே இல்லை. நடக்காத ஒன்றுக்கு எப்படி மதிப்பிடுவது? ஆனால், தவறான எச்சரிக்கையால் ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால், அந்த இழப்பு அன்றே பதிவாகிவிடும். இப்படிப்பட்ட கணக்கில், எச்சரிக்கையைப் புறக்கணிப்பதே எப்போதும் ஆதாயமாகத் தோன்றும், ஒரேயொரு நாளைத் தவிர.

எஷெடே விபத்து தொடர்பாகப் பொறியாளர்கள் மூவர் மீது நடந்த வழக்கு, 2003-இல் ஆளுக்கு 10,000 யூரோ செலுத்துவதோடு தீர்ப்பின்றியே முடித்துக்கொள்ளப்பட்டது. தனிமனிதர் எவரது தவறு என்று சுட்ட முடியாதபடி, தவறு பல கைகளில் பகிர்ந்து கிடந்தது. விபத்துக்குப் பிறகு சில வாரங்களிலேயே ஒற்றை எஃகுச் சக்கரங்கள் மீண்டும் பொருத்தப்பட்டன. விபத்து நடந்த இடத்தில் இன்று 101 செர்ரி மரங்கள் நிற்கின்றன.

இது ஜெர்மனியின் பிழை மட்டும்தானா? பாதுகாப்புக்குப் புகழ்பெற்ற ஜப்பானைப் பார்ப்போம். 1964-இல் தொடங்கிய ஷின்கான்சென் ரயில்களில் தடம் புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட உயிரிழந்ததில்லை. அந்நாட்டிலும் 2017 டிசம்பர் 11-ஆம் தேதி, ஹகாட்டாவிலிருந்து டோக்கியோ சென்ற நொசோமி ரயிலில் கருகல் வாடையும் வழக்கத்துக்கு மாறான ஒலியும் எழுந்தன. வழியில் ஏறிய பராமரிப்பு ஊழியர்கள், நிறுத்திப் பார்க்கலாம் என்ற கருத்தைத் தெரிவித்தும், கட்டுப்பாட்டு அறைக்கு அது சரியாகச் சென்று சேரவில்லை. ரயில் நகோயா வரை ஓடியது. அங்கே இறங்கிப் பார்த்தபோது, அடிச்சட்டத்தின் எஃகு முறியும் தறுவாயில் விரிசல் விட்டிருந்தது. உயிரிழப்பு இல்லை. எனினும், ஷின்கான்சென் வரலாற்றில் 'கடுமையான நிகழ்வு' என்று முதன்முதலாக அது வகைப்படுத்தப்பட்டு, முழுமையாக விசாரிக்கப்பட்டது. தப்பிப் பிழைத்ததையே விபத்தாகக் கருதி விசாரிக்கும் அந்தப் பண்பில்தான் ஜப்பானின் பாதுகாப்பு இருக்கிறது.

நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். மும்பை - ஆமதாபாத் இடையே 508 கி.மீ. நீளத்துக்கு, மணிக்கு 320 கி.மீ. வேகத்தை இலக்காகக் கொண்ட பாதையை அமைத்து வருகிறோம். சென்னை பெரம்பூரில் உள்ள ஒருங்கிணைந்த ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தே பாரத் ரயில்களைத் தயாரிக்கிறது. உக்ரைன் போரால் சக்கர இறக்குமதி தடைபட்டபோது பட்ட பாட்டுக்குப் பிறகு, கும்மிடிப்பூண்டியில் சக்கர உற்பத்தி ஆலைக்கு வழி பிறந்துள்ளது. சக்கரத்தை உருவாக்குவதில் தன்னிறைவு பெருமைக்குரியது. அதை வட்டமாகவே வைத்திருப்பதில் நாம் எப்படி?

2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, ரயில்கள் தடம் புரண்டதற்கான காரணங்களை ஆராய்ந்தது. இயந்திரவியல் துறையின் குறைகளால் 182 முறை ரயில்கள் தடம் புரண்டதாகவும், அவற்றுள் சக்கர விட்டத்தில் ஏற்பட்ட வேறுபாடும் பெட்டிகளின் குறைபாடுகளுமே முதன்மையான காரணம் என்றும் அது கூறியது. பாதுகாப்புக்கென 2017-18-இல் ஐந்தாண்டுகளில் ஒரு லட்சம் கோடி ரூபாய் இலக்குடன் தொடங்கப்பட்ட நிதியத்துக்கு, ரயில்வே தன் சொந்த வருவாயிலிருந்து தர வேண்டிய பங்கைப் பெரும்பாலும் தரவில்லை என்பதையும் சுட்டியது. சொத்துகளைப் புதுப்பிப்பதற்கான தேய்மான நிதிக்கு, 2020-21-இல் ஒதுக்கப்பட்டது வெறும் 200 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய அமைப்பின் உண்மையான தேய்மானம் 200 கோடிதான் என்று எந்தத் தண்டவாளமும் ஒப்புக்கொள்ளாது.

குறை மட்டும் சொல்வது நியாயமன்று. ஓடும் ரயிலின் சக்கரம் தண்டவாளத்தை மோதும் விசையை அளக்கும் கருவிகளை நம் ரயில்வே பல இடங்களில் நிறுவியிருக்கிறது. ஆனால், எஷெடேவிலும் கருவிகள் இருந்தன. கருவி சொல்வதைக் கேட்டு ரயிலை நிறுத்தும் அதிகாரமும் துணிவும் யாரிடம் இருக்கின்றன என்பதே கேள்வி.

எனவே, செய்ய வேண்டியவை சில உண்டு. வட்டம் சிதைந்த சக்கரத்தை வசதிக் குறையாக அன்றி, பாதுகாப்புக் குறையாகவே விதிகள் கருத வேண்டும். கருவியின் எச்சரிக்கையை ஒதுக்குபவர், ஒதுக்கியதற்கான காரணத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும். புதிய ரயில்களை வாங்கும் திட்டத்திலேயே, அவற்றுக்கான கடைசல் இயந்திரங்கள், அளவைக் கருவிகள், தேர்ந்த பணியாளர்கள் ஆகியவற்றின் செலவும் சேர வேண்டும். ஐயம் எழுந்து ரயிலை நிறுத்தும் ஊழியர், அந்த ஐயம் தவறாகவே இருந்தாலும், தண்டிக்கப்படக் கூடாது. தேய்மான நிதி, எஞ்சியதில் ஒதுக்கும் தொகையாக இல்லாமல், முதலில் எடுத்துவைக்கும் தொகையாக இருக்க வேண்டும்.

புதிய ரயிலின் தொடக்க விழாவுக்குக் கொடியும் மேடையும் உண்டு. நள்ளிரவில் பணிமனையில் சக்கரம் கடைபவருக்கு மேடை இல்லை. ஆனால், அடுத்த நாள் காலையில் ஏறி அமரும் ஆயிரம் பேரின் உயிர் அவர் கையில்தான் இருக்கிறது.

ஜெர்மனியில் உணவுப் பெட்டியின் கோப்பைகள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. சக்கரத்தை வட்டமாக வைத்திருப்பதற்கு மாறாக, கோப்பைகளின் வாயை அடைத்தார்கள். நாம் எந்த வேகத்தில் வேண்டுமானாலும் செல்லலாம். அதிர்வு பேசும்போது நின்று கேட்கும் பொறுமை நமக்கு இருக்குமானால்.